ஐந்து மீட்டர்

பென்குயின்களை ஓர் இனம் விடாமல், அவை வாழும் இடத்துக்கே போய்ப் படமெடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது தூரத்தை. அண்டார்க்டிகா போகும் கப்பலில் கரையிறங்கும் முன்பே வகுப்பு நடத்திச் சொல்லிவிடுகிறார்கள். பறவைக்கும் நமக்கும் நடுவில் குறைந்தது ஐந்து மீட்டர் இருக்க வேண்டும். அது நடக்கும் பாதையில் நிற்கக் கூடாது. எதிரே வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒரே நேரத்தில் கரையில் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

கரையிறங்குவதற்கு முந்தைய இரவு எல்லோரும் உட்கார்ந்து உடுப்பைச் சோதிப்போம். பூட்ஸ் அடியில் உள்ள வரிகளை ஊசியால் கிளறுவோம். காமிராப் பையின் மூலைகளில் வாக்குவம் வைத்து உறிஞ்சுவோம். ஜாக்கெட் கையில் இருக்கும் வெல்க்ரோதான் மிகவும் சிரமம். எங்கோ ஒரு புல்வெளியில் ஒட்டிய விதை அதன் கொக்கிகளுக்குள் போய் மாட்டியிருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். என் கையுறையில் ஒரு முறை அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத ஒரு புல் விதை அகப்பட்டது. அது எந்த நாட்டுப் புல்லோ. நாங்கள் இறங்கவிருந்த தீவில் விழுந்து முளைத்திருந்தால், நான் எடுக்கும் எந்தப் படத்தையும்விட நெடுங்காலம் அங்கே இருந்திருக்கும்.

2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியா தீவை எட்டியது. அதன் பிறகு தரையில் உட்காரவும் மண்டியிடவும் படுக்கவும் தடை. பென்குயினின் கண் மட்டத்துக்குக் காமிராவை இறக்கினால்தான் அது நம்மைப் போல் ஒரு உயிராகத் தெரியும், மேலிருந்து எடுத்தால் பொம்மையாகிவிடும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இப்போது ஒற்றைக் கால் தாங்கியைத் தலைகீழாகப் பிடித்து, காமிராவைத் தரையோரம் தொங்கவிட்டு, பின்திரையை மடக்கிப் பார்த்து எடுக்கிறார்கள். இடுப்பு வலிக்கும். வலிக்கட்டும்.

*

தெற்கு ஜார்ஜியாவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் கிங் பென்குயின்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளாகக் கூடுகின்றன. கூடு கட்டுவதில்லை. ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் வைத்து, வயிற்றின் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு நின்றபடியே அடைகாக்கும். பக்கத்துப் பறவையின் அலகு எட்டாத தொலைவே ஒவ்வொன்றின் எல்லை. மேட்டில் ஏறிப் பார்த்தால் புள்ளி வைத்த கோலம் மாதிரி இடைவெளி பிசகாமல் நிற்கின்றன. அகல லென்ஸ் போட்டு எல்லோரும் எடுக்கும் படம் அது. நானும் எடுத்தேன். எனக்குப் பிடித்தது அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் வெறும் மண்.

குஞ்சுகள் பழுப்பு நிறப் பஞ்சுடுப்பில் பெற்றோர் அளவுக்கே பருத்து நிற்கும். முந்தைய காலப் பயணிகள் அவற்றை வேறோர் இனம் என்றே நினைத்தார்கள். முட்டையிடுவதிலிருந்து குஞ்சு கடலுக்குப் போவதுவரை ஓராண்டுக்கும் மேல் ஆகும். நடுவில் வரும் குளிர்காலத்தில் தாயும் தகப்பனும் வாரக்கணக்கில் கடலோடு போய்விட, குஞ்சு சேர்த்து வைத்த கொழுப்பில் உயிர் பிடித்துக் கிடக்கும். பெற்றோர் திரும்பி வந்ததும் கூப்பிடும். ஆயிரக்கணக்கான குரல்களுக்கு நடுவில் தன் பெற்றோரின் குரலை மட்டும் குஞ்சு பிரித்தெடுத்து ஓடிவரும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை ஒலிபெருக்கி வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுற்றியுள்ள இரைச்சல் அந்தக் குரலைவிட ஓங்கியிருந்தாலும் குஞ்சுக்குக் கேட்டுவிடுகிறது.

இதைப் படமாக எடுக்க முடியாது. கழுத்தோரத்து ஆரஞ்சு நிறத்தை எடுக்கலாம், மேகமூட்டமான நாளில் மார்பின் வெள்ளை வெளுத்துப்போகாமல் எடுக்கலாம். அந்தப் பறவையின் அலகில் இருக்கும் பட்டை புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. ஜோடி தேடும்போது அவை ஒன்றையொன்று அந்த நிறத்திலும் எடைபோடுகின்றன என்கிறார்கள். நம் கண்ணுக்கும் சாதாரண லென்ஸுக்கும் அது தெரியாது. ஒரு கிங் பென்குயின் இன்னொன்றைப் பார்க்கும்போது என்ன தெரிகிறதோ, அதில் ஒரு பங்கு என் படத்தில் எப்போதும் விடுபட்டேயிருக்கும். படம் பார்க்கிற ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

*

ஆய்வாளர்கள் நெடுங்காலம் பென்குயின்களின் துடுப்பில் உலோக வளையம் மாட்டி அடையாளம் வைத்தார்கள். தொலைநோக்கியிலேயே எண்ணைப் படித்துவிடலாம், பறவையை மறுபடி பிடிக்க வேண்டியதில்லை என்பது நல்லெண்ணம்தான். க்ரோஸே தீவுக்கூட்டத்தில் கிங் பென்குயின்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. வளையம் மாட்டிய பறவைகள் 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்திருந்தன. உயிர் பிழைத்தவையும் 16 சதவீதம் குறைவு. ஒவ்வொரு முறை நீந்தும்போதும் அந்தச் சிறு வளையம் நீரை இழுத்திருக்கிறது.

ஆப்பிரிக்கப் பென்குயினின் மார்பில் கறுப்புப் புள்ளிகள் உண்டு. ஒன்றுக்கு உள்ளது மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில், பறவைகள் நடக்கும் பாதையோரம் காமிரா வைத்து, புள்ளிகளைக் கொண்டே ஒவ்வொன்றையும் கணினி இனங்காணும் முறையை உருவாக்கினார்கள். காமிராவால் ஒரு பறவைக்குச் செய்யக்கூடிய நல்லது என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அதைத் தொடாமலே அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

*

ஜென்டூ, அடேலி, சின்ஸ்ட்ராப் மூன்றையும் அண்டார்க்டிக் தீபகற்பத்தில் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். ஜென்டூ நீரில் எல்லாவற்றிலும் வேகமானது. அடேலி கல் பொறுக்கிக் கூடு கட்டும், பக்கத்துக் கூட்டிலிருந்தும் பொறுக்கும். படங்கள் தாமாகவே அமையும் இனங்கள் இவை. அதனாலேயே விரைவில் கடந்துவிடுகிறோம்.

சின்ஸ்ட்ராப்பிடம் மட்டும் நிற்க வேண்டியிருந்தது. கிங் ஜார்ஜ் தீவில் இந்தப் பறவைகளின் மூளையலைகளைப் பதிவுசெய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. கூட்டில் இருக்கும் பறவை ஒரு நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல் தூங்குகிறது. ஒவ்வொரு தூக்கமும் சராசரியாக நான்கு நொடி. கூட்டினால் பதினோரு மணி நேரத்துக்கும் அதிகம். முட்டையைத் திருட ஸ்கூவா பறவை காத்திருக்கும் இடத்தில் இதைவிட நீளமாகக் கண்ணயர முடியாதுபோலும். நீண்ட லென்ஸில் ஒரு முகத்தை மட்டும் சட்டகத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை கீழிருந்து ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டு நான்கு நொடியை நெடுநேரம் என்று உணர்ந்தது அப்போதுதான்.

*

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஃபிலிப் தீவு. லிட்டில் பென்குயின், ஒரு கிலோ எடை, ஒரு அடி உயரம். இருட்டிய பிறகு கூட்டம் கூட்டமாகக் கரையேறி வளைகளுக்கு நடக்கும். பார்க்கப் பெருங்கூட்டம் வருகிறது. அந்த அணிவகுப்பைப் படமெடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஃபிளாஷ் இல்லாமலும் கூடாது, கைபேசியிலும் கூடாது. எல்லோரும் வெறுங்கையோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அவை கரையேறும் முனையில் முன்பு ஒரு குடியிருப்பு இருந்தது. வீடுகள், சாலை, கார், நாய். பென்குயின்கள் குறைந்துகொண்டே வந்தன. 1985இல் மாநில அரசு அங்கிருந்த மனைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கத் தொடங்கியது. 2010இல் வேலை முடிந்தது. வீடுகளை அகற்றி நிலத்தைப் பறவைகளிடமே விட்டுவிட்டார்கள். குடியிருப்பு ஒன்று பறவைகளுக்காகக் காலியான கதைகளில் எனக்குத் தெரிந்து இதற்கு இணை கிடையாது. அங்கே படம் எடுக்க முடியவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் மஞ்சள்கண் பென்குயின் இன்னும் தனிமை விரும்பி. மாவோரி மக்கள் ஹொய்ஹோ என்பார்கள். ஐந்து டாலர் நோட்டில் இருக்கும் பறவை. ஒரு ஜோடியின் கூடு அடுத்த ஜோடியின் பார்வையில் படக் கூடாது, அப்படியொரு சுபாவம். மாலையில் கடலிலிருந்து வரும்போது மணலில் ஆள் நின்றால் கரையேறாமல் அலைக்கு அப்பாலேயே காத்துக்கிடக்கும். அதன் வயிற்றில் குஞ்சுக்கான மீன் இருக்கும். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் கடற்கரைகளில் குஞ்சுகள் எடை குறைந்து வளர்கின்றன என்று ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்து மீட்டர் என்ற கணக்கு இங்கே செல்லாது, ஐம்பதும் போதாது. ஒடாகோ தீபகற்பத்தில் குழி வெட்டி, மேலே மூடி, பலகை இடுக்கின் வழியாகப் பார்க்கும் மறைவிடங்கள் இருக்கின்றன. அதிலிருந்து கிடைத்ததே போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டிய இனம்.

*

நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்தக் காட்டில்தான் ஃபியார்ட்லாந்து பென்குயின் கூடு வைக்கிறது. பெரணிச் செடிகள், பாசி தொங்கும் மரங்கள், மட்கிய அடிமரம், அதற்கடியில் மஞ்சள் புருவத்தோடு ஒரு பென்குயின். மூளை ஒரு கணம் மறுக்கிறது. பனி எங்கே என்று கேட்கிறது. உண்மையில் இந்தப் பறவைக் குடும்பத்தில் பாதிக்கு மேல் பனிக்கட்டியோடு பெரிய உறவு இல்லாதவை. நமீபியப் பாலைவனக் கரையில் இருக்கின்றன, சிலியின் அடகாமா கரையில் கள்ளிச்செடியின் பக்கத்தில் இருக்கின்றன. இசபெலா தீவின் வடமுனையில் நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் கலாபகோஸ் பென்குயின்கள் சில இருக்கின்றன. எரிமலைப் பாறையில் நின்று, துடுப்பை விரித்துப் பாதத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டு மூச்சு வாங்கும். ஆழத்திலிருந்து மேலேறும் குளிர்நீரோட்டம் கொண்டுவரும் மீனை நம்பிப் பிழைக்கும் இனம். 1982-83 எல் நினோவில் அந்த நீரோட்டம் அடங்கியபோது நான்கில் மூன்று பங்குக்கு மேல் அழிந்தது.

காட்டில் வெளிச்சம் கிடையாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற ஏற்றப் படம் மணல்மணலாகும். ஃபிளாஷைத் தொடுவதில்லை. குஞ்சு வளர்த்து முடித்தபின் இந்தப் பறவைகள் இறகு உதிர்க்கும் முன்பு எட்டுப் பத்து வாரம் கடலுக்குப் போகின்றன. சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில் சில பறவைகள் 7,000 கிலோமீட்டருக்கு நெருக்கமாகப் போய்த் திரும்பியது தெரிந்தது. நான் பார்த்தது கரையில் நின்று உடம்பை உதறிக்கொண்டு, பாறை இடுக்கில் மறைந்த ஒன்றை. அதன் வாழ்வில் பெரும்பகுதி நடக்கும் இடத்தில் யாரும் இல்லை.

*

நியூசிலாந்தின் ஸ்னேர்ஸ் தீவுகள் மூன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட வராது. ஸ்னேர்ஸ் பென்குயின் உலகத்தில் அங்கே மட்டும்தான் குஞ்சு பொரிக்கிறது. எலி ஏறாத தீவு அது. பயணிகள் கரையிறங்க அனுமதியில்லை. ரப்பர் படகில் பாறையோரம் வரைதான். படகு ஏறி இறங்கும், பறவை நிற்கும் பாறையில் அலை ஏறி இறங்கும், இரண்டும் ஒரே தாளத்தில் இருப்பதில்லை. லென்ஸில் உப்புநீர் தெளிக்கும். துடைக்கும் துணியும் நனைந்திருக்கும். அந்த நிலையில் கிடைத்த படங்களில் கூர்மையானவை கொஞ்சம்தான்.

பவுண்டி தீவுகளும் அன்டிபோடிஸ் தீவுகளும் அதைவிடத் தூரம். தன் மாலுமிகள் செய்த கலகத்துக்குச் சில மாதம் முன்பு, 1788இல் கப்பல் தலைவர் வில்லியம் பிளை தன் கப்பலின் பெயரை வைத்த வெற்றுப் பாறைகள் பவுண்டி. மண்ணே இல்லாத கருங்கல்லில் ஆல்பட்ராஸ்களின் கூடுகளுக்கு ஊடே எரெக்ட் கிரெஸ்டட் பென்குயின் முட்டையிடுகிறது. தலையின் மஞ்சள் கொண்டையை விருப்பப்படி ஏற்றி இறக்கக்கூடிய இனம். இரண்டு முட்டை இடும். முதலாவது சிறியது, அநேகமாக ஒருபோதும் பிழைப்பதில்லை; இரண்டாவது வரும் நாளுக்குள் உருண்டு போய்விடும் அல்லது பறவையே தள்ளிவிடும். இதைக் கூர்ந்து கவனித்த களப்பணி 1998இல் நடந்தது. ஆய்வாளர் லாயிட் டேவிஸும் அவருடைய சகாக்களும் எடுத்த அந்தக் குறிப்புகள் முழுமையாக அச்சேறியது 2022இல். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்தும் அவற்றைவிடப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை, அவ்வளவு குறைவாகத்தான் மனிதர்கள் அங்கே போகிறார்கள்.

*

எத்தனை இனம் என்று கேட்டால் பொதுவாகப் பதினெட்டு என்பார்கள். மக்குவாரி தீவின் ராயல் பென்குயினை மக்கரோனியோடு சேர்ப்பவர்களுக்குப் பதினேழு. ஜென்டூவையும் ராக்ஹாப்பரையும் மேலும் பிரிப்பவர்களுக்கு இருபதுக்கும் மேல். இதில் எனக்குப் பதற்றம் இல்லை. பட்டியலை எழுதுகிறவர்கள் நாம். மக்குவாரியின் வெள்ளைமுகப் பறவைக்கு அது ஒரு பொருட்டல்ல.

அதே தீவில் துருப்பிடித்த இரும்புக் கொதிகலன்கள் இன்னும் நிற்கின்றன. 1890இலிருந்து முப்பதாண்டுக் காலம் ஜோசப் ஹாட்ச் என்பவரின் ஆட்கள் அங்கே பென்குயின்களை அடித்து, கொதிகலனில் போட்டு, எண்ணெய் எடுத்தார்கள். அண்டார்க்டிக் ஆய்வுப் பயணி டக்ளஸ் மாசன் முதலியோர் குரல் கொடுத்தபின் உரிமம் நின்றது. 1933இல் தீவு சரணாலயம் ஆனது. பிறகு முயலும் எலியும் தின்றுகொண்டிருந்த தீவை ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சுத்தம் செய்து, 2014இல் அவை ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தார்கள். இன்றைக்குக் கொதிகலன்களைச் சுற்றிப் பென்குயின்கள் நடக்கின்றன. இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும்படி எடுப்பதை நான் கடமையாக நினைத்தேன்.

*

எம்பெரர் பென்குயின் முட்டையிடுவது அண்டார்க்டிகாவின் குளிர்கால இருட்டில், கடல்மேல் உறைந்த பனியில். ஆண் பறவை அறுபத்தைந்து நாள் அளவுக்கு முட்டையைப் பாதத்தில் தாங்கி, ஒன்றும் தின்னாமல் நிற்கும். 1911 ஜூலையில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணிகளான வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்ட் மூவரும் இருளில் ஸ்லெட்ஜ் இழுத்துக்கொண்டு கிரோஸியர் முனைக்குப் போனார்கள். மூன்று முட்டைகளோடு திரும்பினார்கள். அவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தப் பயணத்தில் பறவைகளின் படம் இல்லை. திரும்பி வந்த அன்று, குடிலில் மேசையருகே மூவரும் உட்கார்ந்திருப்பதைக் குழுவின் புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பான்டிங் எடுத்தார். பனி அரித்த முகங்கள், வீங்கிய கைகள், கோப்பை. எம்பெரர் பென்குயினைப் பற்றி எடுத்த படங்களில் அதற்கு மேலானதை நான் பார்த்ததில்லை. அதில் பென்குயின் இல்லை.

இப்போது இந்தப் பறவைகளின் கூட்டங்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் படங்களில் தேடுகிறார்கள். பறவை தெரியாது, அவற்றின் எச்சம் வெண்பனியில் பழுப்புக் கறையாகத் தெரியும். பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தின் பீட்டர் ஃப்ரெட்வெல் அப்படிக் கண்டுபிடித்த கூட்டங்கள் பல. 2022இல் பெலிங்ஸ்ஹவுசன் கடலில் அவர்கள் கவனித்துவந்த ஐந்து கூட்டங்களில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர்புகா இறகு முளைப்பதற்கு முன்பே பனி உடைந்துபோனது. ஒரு மாதம் இருந்த பழுப்புக் கறை அடுத்த மாதப் படத்தில் இல்லை. கூரிய லென்ஸில் எடுத்த எந்தக் குஞ்சின் முகமும் என்னை அந்தக் கறைபோல் உலுக்கியதில்லை.

*

தூரமே கூடாது என்று ஆன சந்தர்ப்பங்களும் உண்டு. 2000 ஜூனில் கேப்டவுன் அருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தபோது, ஏறத்தாழ 19,000 ஆப்பிரிக்கப் பென்குயின்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னொரு 19,500 பறவைகளை லாரியில் ஏற்றித் தொலைவில் போர்ட் எலிசபெத்தில் விட்டார்கள், அவை நீந்தி ஊர் திரும்புவதற்குள் கடலைச் சுத்தமாக்கிவிடலாம் என்று. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள். அலகால் கொத்து வாங்காத கை இருந்திருக்காது. கழுவிய பறவைகளில் பெரும்பாலானவை பிழைத்தன. இன்றைக்கு அதே இனம் பத்தாயிரம் ஜோடிக்கும் கீழே வந்துவிட்டது. 2024இல் மிக அருகிய இனம் என்று அறிவித்தார்கள். அவை தின்னும் மத்தியும் நெத்திலியும் போதவில்லை. 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆணைப்படி ஆறு கூட்டங்களைச் சுற்றி வலை போடத் தடை வந்திருக்கிறது. எண்ணெய் கழுவிய கைகளால் மீனைக் கொண்டுவர முடியவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

2011 மார்ச் 16. தெற்கு அட்லாண்டிக்கின் நடுவில், டிரிஸ்டன் ட குன்யாவின் பக்கத்துத் தீவான நைட்டிங்கேலில் எம்.எஸ். ஒலிவா என்ற கப்பல் மோதியது. வடக்கு ராக்ஹாப்பர்கள் இறகு உதிர்த்து முடிக்கும் பருவம். டிரிஸ்டனில் இருந்தவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. விமான நிலையம் இல்லாத ஊர். எண்ணெயில் தோய்ந்த 3,700க்கும் மேற்பட்ட பறவைகளைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொட்டகையைக் காலி செய்தார்கள். ஊர் நீச்சல்குளத்தைப் பென்குயின்களுக்குக் கொடுத்தார்கள். தத்தம் வீட்டு உறைபெட்டியிலிருந்து மீன் எடுத்து ஊட்டினார்கள். உயிரோடு கடலுக்குத் திரும்பியவை நானூறுக்கும் குறைவு. அடுத்த பருவத்தில் நைட்டிங்கேலுக்குப் போய் எஞ்சியவற்றை எண்ணியதும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

அவர்களைக் கேட்டுத்தான் அந்தப் பறவையைப் படமெடுக்க வேண்டும். கேப்டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம். தீவு மன்றத்தின் அனுமதி வேண்டும். கப்பலில் இடம் முதலில் ஊர்க்காரர்களுக்கும் நோயாளிகளுக்கும், மிஞ்சினால் வெளியாளுக்கு. என் பட்டியலில் வடக்கு ராக்ஹாப்பர் இன்னும் பாக்கி. விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். யாராவது இடத்தைக் கேட்டால் விட்டுக்கொடுப்பதாகவும் அதில் எழுதியிருக்கிறேன்.